அட்டவணையின் பதினேழாவது வரி

1

நான் குடியிருக்கும் நாட்டில் பாம்பு கிடையாது. நியூசிலாந்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சல்லடை போட்டுச் சலித்தாலும் தரையில் ஊரும் பாம்பு ஒன்று அகப்படாது. மிருகக்காட்சிசாலையில்கூட வைக்க விடமாட்டார்கள். பன்னிரண்டு வருடமாக இங்கே இருக்கிறேன். இன்றைக்கும் வேலைக்குக் கிளம்பும்போது ஷூவைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் காலை உள்ளே விடுகிறேன்.

என் மகள் இலக்கியாவுக்கு இது பெரிய வேடிக்கை. ஆறு வயதில் காரைக்குடியிலிருந்து நான் கைப்பிடித்துக் கூட்டி வந்த பிள்ளை, இப்போது பதினெட்டு. இந்த ஊர்ப் பிள்ளைகள் வெறுங்காலோடு கடைக்குப் போவார்கள், பஸ் ஏறுவார்கள், மழை பெய்த புல்லில் நடப்பார்கள். இவளும் அப்படித்தான். போன செவ்வாய்க்கிழமை காலை, கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் பின்பக்கப் புல்வெளியில் வெறுங்காலோடு இறங்கினாள். புல் கணுக்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. என்னையறியாமல் கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன்.

துணிக்கூடையோடு உள்ளே வந்தவள் ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். "அம்மா, இங்க ஸ்நேக்கே இல்ல. உனக்கு என்னதான் ஆச்சு? டெல் மீ," என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சொல்வதென்றால் இருபத்து நான்கு வருடத்துக்கு முன்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு அன்றைக்குத் தெம்பு இல்லை.

2

நான் மருத்துவம் படித்தவள். ஆனால் இங்கே வந்ததிலிருந்து ஒரு நோயாளியின் நாடியைக்கூடத் தொட்டதில்லை. வேலை பார்க்கும் அலுவலகத்தில் மருந்து வாசனையே இருக்காது. கணினி, காப்பி இயந்திரம், ஒரு நீண்ட மேஜை, அவ்வளவுதான். டாக்டர்களும் நர்சுகளும் கடைப்பிடிக்க வேண்டிய வழிகாட்டு நெறிகளை அங்கே தயாரிக்கிறோம். இன்ன நோய் வந்தால் முதலில் என்ன செய்வது, எதைச் செய்யவே கூடாது, எந்த மருந்து, எவ்வளவு என்று ஒரு தாளில் அடக்கித் தருவது. அந்தத் தாளை உலகத்தின் ஏதோ ஒரு மூலையில், பெரிய டாக்டர் பக்கத்தில் இல்லாத வேளையில், இளம் டாக்டர் ஒருவர் சுவரில் பார்த்து அப்படியே செய்வார்.

இரண்டு வருடமாக என் தலையில் விழுந்திருப்பது பாம்புக்கடி. எங்களுக்கு வடக்கே சில தீவு நாடுகளில் பாம்பு நிறைய. அங்கே இந்த வேலைக்கு ஆளும் நேரமும் இல்லை என்பதால் பாம்பே இல்லாத எங்களிடம் வந்திருக்கிறது. முதல் வேலை ஒப்பிடுவது. ஆறு நாடுகளின் நெறிகளை எடுத்துப் பக்கம் பக்கமாகப் படித்து, ஒரே அட்டவணையில் ஏற்ற வேண்டும். எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே முட்டிக்கொள்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் என்ன ஆதாரம் காட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். எந்த ஆறு நாடுகள் என்று வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதனால் சொல்லவில்லை.

அலுப்பான வேலை. பாதி நெறிகள் மற்றவற்றைப் பார்த்து எழுதியவை. ஒரு நாட்டுத் தாளில் இருந்த எழுத்துப்பிழை இன்னொரு நாட்டுத் தாளில் அப்படியே இருந்ததைக் கண்டுபிடித்த அன்று மட்டும் கொஞ்சம் சிரித்தேன்.

என் அட்டவணையில் நாற்பத்திரண்டு வரிகள். கடிபட்ட இடத்துக்கு மேலே கயிறு கட்டாதே என்பதில் ஆறு நாடுகளும் ஒரே குரல். கட்டினால் கால் அழுகும், கட்டுவது தப்பு. அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. சிக்கல் பதினேழாவது வரியில். தப்பென்று தெரியாமல் ஒருவர் இறுக்கக் கட்டிக்கொண்டே வந்துவிட்டார், அந்தக் கட்டை என்ன செய்வது? இரண்டு நாடுகள் உடனே அவிழ் என்கின்றன. மூன்று நாடுகள் வாயே திறக்கவில்லை. ஒன்றே ஒன்று மட்டும், விஷமுறிவு மருந்து ஏறத் தொடங்கும்வரை, மூச்சு நின்றால் தாங்கிப் பிடிக்க டாக்டர் பக்கத்தில் நிற்கும்வரை, அவிழ்க்காதே என்கிறது. ஆதாரம் என்ற கட்டத்தில் ஆறு நாடுகளுக்கும் நான் நிரப்பிய வார்த்தை ஒன்றுதான்: இல்லை.

3

இந்த நாற்காலிக்கு நான் விரும்பி வரவில்லை. கணவருக்குக் கணினி வேலை கிடைத்தது, குடும்பத்தோடு வந்தோம். இங்கே டாக்டராக வேலை பார்க்கப் பரீட்சை எழுத வேண்டும். எழுதினேன், தேறினேன். பிறகு மேற்பார்வையில் பயிற்சிக்கு ஓர் ஆஸ்பத்திரி இடம் தர வேண்டும் என்றார்கள். இடத்துக்கு உள்ளூர் அனுபவம் கேட்டார்கள். உள்ளூர் அனுபவத்துக்கு இடம் வேண்டும். எழுபது விண்ணப்பம் வரைக்கும் எண்ணினேன், அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். பதில் போட்டவர்கள் எல்லாரும் ரொம்ப மரியாதையாகத்தான் போட்டார்கள்.

என் பெயர் தேன்மொழி. இங்கே அதை வெட்டித் 'தென்' ஆக்கிவிட்டார்கள். ஆங்கிலத்தில் அது 'அப்புறம்' என்று படிக்கும்படி ஆகிவிடும். கூட்டக் குறிப்புகளில் என் பெயர் வரும் இடமெல்லாம், அப்புறம் என்ன ஆயிற்று என்று யாரோ கதை சொல்கிற மாதிரி இருக்கும். முதலில் திருத்திப் பார்த்தேன். இப்போது தொலைபேசியில் நானே 'தென்' என்றுதான் சொல்கிறேன்.

பேச்சைப் புரிந்துகொள்ளவும் வருடங்கள் ஆயின. கூட்டத்தில் ஒருவர் "சுவாரசியமாக இருக்கிறதே" என்றால் வேண்டாம் என்று அர்த்தம். "இதைப் பற்றி யோசிப்போம்" என்றாலும் வேண்டாம் என்றுதான் அர்த்தம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்காகக் கோட்டையூர் வந்திருந்தேன். பந்தியில் என் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். உரக்கடை வைத்திருப்பவர், நான் டாக்டருக்குப் படிக்கப் பாதிச் செலவை ஏற்றவர்.

"எந்த ஆஸ்பத்திரியில இருக்க, தேனு?"

"ஆஸ்பத்திரியில இல்ல சித்தப்பா. டாக்டர்க என்ன செய்யணும்னு எழுதிக் குடுக்குற ஆபீஸ்ல இருக்கேன்."

"அப்ப எல்லா டாக்டருக்கும் மேல. நல்லது. இப்ப என்ன எழுதுற?"

அந்த வேலை அப்போதுதான் எங்களுக்கு வரப்போவதாகப் பேச்சு. "பாம்புக்கடி சித்தப்பா."

"அங்குட்டுப் பாம்பு நெறையவோ?"

"இல்லவே இல்ல."

கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு எதிர் வரிசைக்காரரிடம், "நம்ம பிள்ள பெரிய வேலையில இருக்குது, நமக்குத்தான் வெளங்கல," என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் குழி பறித்தார்.

திரும்பி வரும்போது விமான நிலையத்தில் படிவம் நிரப்பச் சொன்னார்கள். உணவுப்பொருள் உண்டா, விதை உண்டா, காலணியில் மண் உண்டா, பண்ணைக்குப் போனீர்களா? எல்லாவற்றுக்கும் ஆம் போட்டேன். அதிகாரி சீப்புச்சீடைப் பொட்டலத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து அனுமதித்தார். என் செருப்பை வாங்கிக்கொண்டு போய், கோட்டையூர்க் கண்மாய்க்கரை மண்ணைக் கழுவி, ஈரத்தோடு திருப்பிக் கொடுத்தார். இந்த நாட்டுப் படிவங்களில் நான் பொய் சொன்னதே இல்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். பிறகு வந்த ஒரே ஒரு படிவத்தில் சொன்னேன். அதற்கு வருகிறேன்.

4

அந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் எங்கள் குழுத் தலைவர் ஹெலன் ஒரு பேச்சை எடுத்தார். முப்பது வருடம் அவசர சிகிச்சைப் பிரிவில் நின்றவர், வெள்ளை முடியை ஒட்ட வெட்டியிருப்பார், யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார். நெறி முழுவதும் ஒரே தாளில், இரண்டு பக்கத்தில் அடங்க வேண்டும். நாற்பத்திரண்டு வரிகளில் பன்னிரண்டைத் தூக்க வேண்டும். ஆதாரம் இல்லாத வரிகளை முதலில் தூக்குவோம் என்றார்.

பதினேழு வந்தது. குழுவில் ஒருவர், "கட்டவே கூடாது என்று முன்னாலேயே சொல்லிவிட்டோமே, பிறகு கட்டோடு வருபவரைப் பற்றி எதற்கு ஒரு வரி?" என்றார். அவர் சொன்னதில் பிசகே இல்லை. கட்டாதே என்று தாளில் போட்டுவிட்டால் உலகத்தில் யாரும் கட்டமாட்டார்கள் என்று நம்பும் ஊர்க்காரர் அவர்.

"தென், இந்த வரிக்கு ஏதாவது ஆய்வு உண்டா?" என்று ஹெலன் கேட்டார்.

"இல்லை."

"நோயாளிகளின் பதிவுகள்? ஒன்றிரண்டாவது?"

"எதிலும் எழுதப்படவில்லை."

வெள்ளிக்கிழமை ஓட்டெடுப்பு என்று முடித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார்கள். எழுதப்படவில்லை என்று சொன்னேனே தவிர, எழுதாமல் விட்டது யார் என்று சொல்லவில்லை.

5

படித்து முடித்து எனக்குக் கிடைத்த முதல் வேலை எங்கள் பக்கத்துச் சின்ன அரசு ஆஸ்பத்திரி ஒன்றில். பெயர் வேண்டாம். கடலை பிடுங்கும் காலம். மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு டி.வி.எஸ். வண்டியில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். ஓட்டி வந்தவர் பக்கத்துக் காட்டுக்காரர். நடுவில் உட்கார்ந்திருந்தவர் சேவுகன், நாற்பது வயது இருக்கும். பின்னால் அவரைப் பிடித்துக்கொண்டு வந்தது அவர் மனைவி மீனாள்.

"பூச்சி தொட்டுருச்சு டாக்டரம்மா. நல்லதுதான், படமெடுத்ததப் பாத்தேன்," என்றார் மீனாள். பாம்பு என்ற வார்த்தையை எங்கள் பக்கத்தில் வாயால் சொல்லமாட்டார்கள், அதுவும் கடிபட்டவர் முன்னால்.

சேவுகன் தானாகவே நடந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தார். தெளிவாகப் பேசினார். வலது காலில் மூன்று கட்டு. கணுக்காலுக்கு மேலே அவருடைய அரணாக்கயிறு. இடுப்பிலிருந்து அறுத்து அவரே கட்டிக்கொண்டது. கிட்டத்தில் வேறு எதுவும் இல்லாதபோது எங்கள் ஆட்கள் கை வைப்பது அதில்தான். முழங்காலுக்குக் கீழே துண்டு. தொடையில் மீனாள் சேலையிலிருந்து கிழித்த துணி. அரணாக்கயிறு சதைக்குள் புதைந்திருந்தது. கால் கறுத்துக்கொண்டு வந்தது.

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வெளிநாட்டுத் தாள் ஒன்றைப் பார்த்து யாரோ தட்டச்சு செய்து நகலெடுத்தது. பாம்புக்கடி, செய்ய வேண்டியவை. முதல் வரி: கட்டுகள் இருந்தால் உடனே அகற்றவும். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஆஸ்பத்திரியில் வேறு டாக்டர் இல்லை. அந்தத் தாள்தான் என் பெரிய டாக்டர். கத்தரிக்கோலை எடுத்தேன்.

என்னோடு பணியில் இருந்த நர்ஸ் ஷகிலா. அரியக்குடிப் பக்கம், என்னைவிட ஒரு வயது சின்னவள், தற்காலிக வேலை. என் கையைப் பிடித்தாள்.

"இப்ப அவுக்காதீக டாக்டரம்மா. மருந்தக் கரைச்சு ஏத்திக்கிட்டே ஒவ்வொண்ணா அவுப்போம். முன்னாடி ஒரு தடவ இப்படித்தான் அவுத்து, உடனே கண்ணு சொருகிருச்சு."

விஷமுறிவு மருந்து அலமாரியில் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த மருந்தாளுநர் டீ குடிக்கப் போயிருந்தார். ஆள் அனுப்பியிருந்தோம். பத்து நிமிடம் காத்திருந்தால் வந்திருப்பார்.

நான் ஷகிலாவின் கையை விலக்கினேன். "தாள்ல என்ன போட்டிருக்குன்னு பாருங்க சிஸ்டர்," என்றேன். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பயந்துபோன ஒருத்தி அதிகாரம் பண்ணுகிற குரல். மூன்று கட்டையும் அறுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் சேவுகனுக்கு இமை தொங்கியது. தண்ணீர் கேட்டார், விழுங்க முடியவில்லை. நாக்குக் குழறியது. சாவி வந்து, மருந்து கரைத்து, ஊசி ஏற்றும்போது மூச்சு மேலோட்டமாகிவிட்டது. எங்களிடம் மூச்சுக் கருவி இல்லை. ரப்பர்ப் பையை வாயில் பொருத்திக் கையால் அமுக்கிக்கொண்டே ஆம்புலன்ஸில் ஏற்றினோம். மதுரை போக வேண்டும். நானும் மீனாளும் கூடப் போனோம். திருப்பத்தூர் வரை நாடி இருந்தது. மேலூர் தாண்டியதும் நின்றுவிட்டது. அப்புறமும் மதுரை வரை பையை அமுக்கிக்கொண்டேதான் போனேன், நிறுத்தினால் மீனாளைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று.

இறங்கியதும் மீனாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பையை அமுக்கிய என் விரல்கள் மடங்காமல் விறைத்திருந்தன. "ஒங்கனால ஆனத எல்லாம் செஞ்சீக தாயி," என்றார்.

திரும்பி வந்து கேஸ் ஷீட் எழுதினேன். நல்லபாம்புக் கடி. தாமதமாகக் கொண்டுவரப்பட்டார். சுவாசம் செயலிழந்தது. மதுரைக்கு அனுப்பப்பட்டார். கட்டு இருந்தது என்றோ, அதை யார் எப்போது அறுத்தார் என்றோ ஒரு வார்த்தை எழுதவில்லை.

அறுக்காமல் இருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. ஒரே ஒரு நோயாளியை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது என்பது என் வேலையின் முதல் பாடம். அப்படி ஒரே நோயாளியைக் காட்டி டாக்டர்கள் எழுதும் கடிதங்களைத் தினமும் நான்தான் ஒதுக்கி வைக்கிறேன். ஆனால் ஆறு நாட்டு அட்டவணையில் ஆதாரம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்ற ஒரே வார்த்தையை நிரப்பும்போதெல்லாம் என் கேஸ் ஷீட்தான் கண்ணில் நின்றது. என்னைப்போல எத்தனை பேர் எத்தனை ஊரில் அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டார்களோ?

6

புதன்கிழமை ஷகிலாவைக் கூப்பிட்டேன். ஒன்பது வருடமாகிறது பேசி. பெருநாளுக்கு அவள் அனுப்பும் வாழ்த்துக்கு போனில் இரண்டு பூப்படம் அனுப்பிவிட்டு இருந்துவிடுவேன். இப்போது காரைக்குடியை அடுத்த வேறொரு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். எனக்குச் சாயங்காலம், அங்கே காலை.

"யா அல்லா, டாக்டரம்மாவா? சொகமா இருக்கீகளா? பாப்பா எப்படி இருக்கு?" என்று மூச்சு விடாமல் கேட்டாள். நான் சுற்றி வளைக்காமல், அந்தக் கடலைக்காட்டுக் கேஸ் ஞாபகம் இருக்கிறதா என்றேன்.

"சேவுகனா? மறக்குமா?"

"அன்னைக்கு நீங்க சொன்னதக் கேட்டிருக்கணும் ஷகிலா."

எதிர்முனையில் வார்டில் யாரோ இருமுவது கேட்டது.

"நான் எங்க நர்சுக ரிப்போர்ட் நோட்டுல எழுதுனேன் டாக்டரம்மா. கட்டு அறுத்த மணி, இமை தொங்குன மணி, ரெண்டையும். ஒங்க பேரு எழுதல. மணிய மட்டும் எழுதுனேன்."

"நான் எழுதுன கேஸ் ஷீட்டப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ஏன் கேக்கல?"

"நான் டெம்பரவரி. என்னத்தக் கேக்க?"

அந்த நோட்டு எங்கே என்றேன். பழைய நோட்டெல்லாம் கரையான் அரித்து ஒருநாள் மொத்தமாக எரித்துவிட்டார்களாம். பிறகு அவளே ஒன்று சொன்னாள். எந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகிப் போனாலும், ஒரு வெள்ளைத்தாளில் 'கட்டோடு வந்தால் அவிழ்க்காதே, மருந்து ஏறட்டும், டாக்டர் நிற்கட்டும்' என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஊசி போடும் அறையில் ஒட்டிவிடுவாளாம். ஆய்வுக்கு வருபவர்கள் சுவரில் அனுமதியில்லாத தாள் இருக்கக் கூடாது என்று கிழித்துவிடுவார்களாம். அவர்கள் ஜீப் வாசலைத் தாண்டியதும் மறுபடி ஒட்டிவிடுவாளாம்.

"எத்தன தடவ?"

"எண்ணல. ஒரு ஸ்கெட்ச் பேனா தீந்துருச்சு, அது மட்டும் தெரியும்," என்று சிரித்தாள்.

7

வியாழக்கிழமை இலக்கியாவிடம் சொன்னேன். அடுத்த மாதம் தென்தீவுக்குப் படிக்கப் போகிறாள், அட்டைப்பெட்டிகளில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தாள். இங்கிலீஷும் தமிழும் கலந்து, எனக்கு எது வருகிறதோ அதில் சொன்னேன். அரணாக்கயிறு என்றால் என்ன என்று கேட்டாள். விளக்கினேன். வழக்கமாக நான் ஊர்க்கதை பேசினால் கண் போனுக்குப் போய்விடும். அன்றைக்குப் போகவில்லை.

முடித்ததும் அவள் ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "அவரோட வைஃபுக்குத் தெரியுமா, நீதான் கட் பண்ணினேன்னு?" என்று கேட்டாள்.

"தெரியாதுன்னு நினைக்கிறேன்."

"அப்ப கமிட்டிக்கிட்ட சொன்னா மட்டும் போதுமா?"

கோபம் வந்தது. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

அந்தப் படிவத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? குழுவில் சேரும்போது ஒவ்வொருவரும் ஓர் அறிவிப்புப் படிவம் நிரப்ப வேண்டும். மருந்துக் கம்பெனியிடம் காசு வாங்குகிறவரைக் கண்டுபிடிக்கத்தான் முக்கியமாக. கடைசிக் கேள்வி மட்டும் வேறு மாதிரி: இந்தப் பொருளில் உங்கள் தீர்ப்பைப் பாதிக்கக்கூடிய தனிப்பட்ட தொடர்பு எதுவும் உண்டா? இரண்டு வருடத்துக்கு முன்னால் 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்திட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை கூட்டம் தொடங்கியதும் படிவத்தைத் திருத்த வேண்டும் என்றேன். சொல்ல நினைத்திருந்த வாக்கியங்களெல்லாம் எங்கேயோ போய்விட்டன. கட்டோடு ஒருவர் வந்தார், நர்ஸ் தடுத்தார், நான் அறுத்தேன், அவர் இறந்தார், அதை நான் பதிவு செய்யவில்லை, என்று ஐந்து வாக்கியத்தில் முடித்தேன். யாரும் சுவாரசியமாக இருக்கிறதே என்று சொல்லவில்லை.

ஹெலன் எழுந்து வந்து புதுப் படிவத்தை என் முன்னால் வைத்தார். "சொன்னதற்கு நன்றி, தென். விதி உனக்குத் தெரியும்," என்றார். தெரியும். அந்த விதியை எழுதியவளே நான்தான். தொடர்பு உண்டு என்று அறிவித்தவர் அந்த வரிமீது ஓட்டுப் போட முடியாது, ஓட்டெடுப்பின்போது அறையில் இருக்கவும் கூடாது. 'உண்டு' என்ற கட்டத்தில் குறி போட்டேன். விவரம் என்று கீழே ஒரு சின்னப் பெட்டி. அதில் சேவுகன் என்று எழுதிவிட்டு வெளியே போனேன்.

நடைபாதையில் ஒரு நாற்காலி, தண்ணீர் இயந்திரம், சுவரில் பனிமலைப் படம். இருபத்து நான்கு வருடத்துக்குப் பிறகு அந்த ஒரு வரிக்காகப் பேச வந்தவளை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். நானே எழுதிய விதி, யாரைக் குறை சொல்வது? உள்ளே குரல்கள் கேட்டன, வார்த்தை கேட்கவில்லை. அரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. களைப்பில் கண்ணை மூடியிருந்தேன்.

கதவைத் திறந்து ஹெலன் கூப்பிட்டார். நான்குக்கு மூன்று. வரி நிற்கிறது. பின்பக்கத்தில், சின்ன எழுத்தில்: கட்டுடன் வந்தால், விஷமுறிவு மருந்து ஏறத் தொடங்கி, மூச்சுக்கு உதவும் ஏற்பாட்டுடன் மருத்துவர் அருகில் இருக்கும்வரை அவிழ்க்க வேண்டாம். ஆதாரத்தின் உறுதி: மிகக் குறைவு. அந்தக் கடைசிச் சொற்களை நானே அட்டவணையில் ஏற்றினேன். ஏற்றிவிட்டு அடுத்த வரிக்குப் போனோம்.

8

மதியத்துக்கு மேல் ஷகிலாவுக்குச் செய்தி அனுப்பினேன். உடனே அவளே கூப்பிட்டாள்.

"அல்ஹம்துலில்லா. அந்தப் பேப்பர எனக்குப் பிரிண்ட் எடுத்து அனுப்புங்க டாக்டரம்மா."

"அது உங்களுக்கு இல்ல ஷகிலா. வேற நாட்டுக்கு எழுதினது."

"எந்த நாடா இருந்தா என்ன? இங்கிலீஷ்ல, சீல் வச்சு இருந்தா இவுக கிழிக்க மாட்டாக."

அனுப்புகிறேன் என்றேன். பிறகு, மீனாள் எங்கே இருக்கிறார் என்று தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். சர்க்கரை மாத்திரை வாங்க மாதம் ஒருமுறை அவள் ஆஸ்பத்திரிக்குத்தான் வருவாராம். மகனுடைய போன் நம்பர் சீட்டில் இருந்தது. "என்ன சொல்லப் போறீக?" என்று ஷகிலா கேட்டாள். எனக்கே தெரியவில்லை.

அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் புல்வெளி உண்டு. அங்கே நின்றுகொண்டு கூப்பிட்டேன். மகன் எடுத்தார், அம்மாவிடம் கொடுத்தார். நான் யாரென்று சொன்னேன். சேவுகன் அண்ணன் வந்தபோது இருந்த டாக்டர் என்றேன். ஆம்புலன்ஸில் கூட வந்தவள் என்றேன். அப்புறம், நிறுத்தினால் திரும்பச் சொல்ல முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"அன்னைக்குக் கயித்த அறுத்தது நான்தான்மா. மருந்து வாரதுக்கு முன்னாடியே அறுத்துட்டேன். சிஸ்டர் வேணாம்னு சொன்னாக. நான் கேக்கல."

மீனாள் மூச்சு விடுவது கேட்டது.

"தெரியும் தாயி. நான் கட்டில் ஓரத்துலதான நிண்டேன். அந்தப் பிள்ள ஒங்க கையப் பிடிச்சது, நீங்க தட்டி விட்டது, எல்லாம் பாத்தேன்."

"தெரிஞ்சுமா என் கையப் பிடிச்சுக்கிட்டு அப்படிச் சொன்னீக?"

"பையப் போட்டு அமுக்கி அமுக்கி ஒங்க கை வெறச்சுப் போயிருந்துச்சு. அப்ப என்னத்தச் சொல்ல? நீங்களா ஒருநா வந்து சொல்லுவீகன்டு இருந்தேன். இம்புட்டு வருசமாயிருச்சு."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்டேன். அவர் சரி என்று சொல்லவில்லை, போனை வைக்கவும் இல்லை.

"அங்குட்டு இப்பப் பகலா, ராத்திரியா?" என்று கேட்டார்.

பகல்தான் என்றேன்.